வயலும் அதின் பலனும்



இந்த வாரத் தியானத்திற்கு 2 இராஜாக்கள் எட்டாம் அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களை ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.

சூனேம் ஊராளாகிய அந்தத் தாயை நாம் நன்கு அறிவோம். தேவமனுஷனாகிய எலிசாவுக்கென்று தன் வீட்டில் ஓர் அறையைக் கட்டி வைத்தவள். மரித்துப்போன மகனை உயிரோடே திரும்பப் பெற்றவள். நான்காம் அதிகாரத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். எட்டாம் அதிகாரத்தில் அவளுக்கு நேர்ந்ததை அவ்வளவாக நினைப்பதில்லை. ஏழு வருஷப் பஞ்சம் வருகிறது. எலிசாவின் சொற்படி அவள் குடும்பத்தோடு பெலிஸ்தர் தேசத்திற்குப் போகிறாள். பஞ்சம் தீர்ந்து திரும்பி வந்தபோது வீடும் அவளுடையதாயில்லை, வயலும் அவளுடையதாயில்லை. யார் கையில் இருந்தன என்று வேதம் சொல்லவில்லை. ஆளில்லாத நிலத்தை யாரோ உழுதார்கள், பின்பு உழுதவரே உரியவரானார் என்று நாம் ஊகிக்கலாம். அவள் ராஜாவினிடத்தில் போய் முறையிடுகிறாள்.

ராஜா கொடுத்த தீர்ப்பை நிதானித்துக் கவனியுங்கள். நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு அவன் நிற்கவில்லை. அவள் தேசத்தை விட்டுப் போன நாள் தொடங்கி அந்த நாள் வரைக்கும் அந்த வயல் தந்த பலன் முழுவதையும் அவளுக்குச் சேர்ப்பிக்கும்படி ஒரு பிரதானியை நியமிக்கிறான். ஏழு வருஷமாக அந்த வயலை வைத்திருந்தவர் தன்னைச் சொந்தக்காரர் என்று எண்ணியிருப்பார். ராஜாவின் கணக்கிலோ அவர் அந்த ஏழு வருஷமும் அவளுக்காக அதை வைத்திருந்தவர்.

இதே எண்ணம் நம் நாட்டுச் சட்டத்திலும் இருக்கிறது என்பதைச் சொல்லவே இந்த வாரம் எழுதுகிறேன். வழக்கறிஞர்கள் அதைக் 'கன்ஸ்ட்ரக்டிவ் டிரஸ்ட்' என்பார்கள். டிரஸ்ட் என்றால் நமக்குத் தெரியும். ஒருவர் தம் சொத்தை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்து, பலன் என் பிள்ளைக்குச் சேரவேண்டும் என்கிறார்; அவரும் ஒப்புக்கொள்கிறார். பெயர் இவருடையது, பலன் பிள்ளையுடையது. கன்ஸ்ட்ரக்டிவ் டிரஸ்டில் ஒப்படைத்தவரும் இல்லை, ஒப்புக்கொண்டவரும் இல்லை. முறைகேடாகவோ, தன் நிலையைப் பயன்படுத்தியோ ஒருவர் ஒரு சொத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அப்பொழுது நீதிமன்றம் அவரை நோக்கி, "பத்திரத்தில் உம்முடைய பெயரே இருக்கட்டும், ஆனாலும் நீர் இதை உரியவருக்காக வைத்திருக்கும் காவலரே" என்று சொல்லிவிடுகிறது. அவர் கேட்டு வாங்காத பொறுப்பை அவர் தலைமேல் சுமத்துகிறது.

1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டத்தில் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் இதைப் பற்றியதுதான். அதில் 90-ஆம் பிரிவு நம் மலைக்கிராமங்களுக்காகவே எழுதப்பட்டதோ என்று தோன்றும். கூட்டுச் சொத்தின் பங்காளியோ, அடைமானம் வாங்கியவரோ, தன் நிலையைப் பயன்படுத்தி மற்றவர்களுடைய உரிமைக்குக் குறைவு வரும்படி ஓர் ஆதாயத்தை அடைந்தால், அந்த ஆதாயத்தை அவர் அனைவருக்காகவுமே வைத்திருக்கவேண்டும் என்கிறது அது. சட்டமே தரும் உதாரணங்களில் இரண்டைப் பாருங்கள். ஒரு குடும்பத்திற்குச் சொந்தமான கிராமத்தை, அக்குடும்பத்தில் ஒருவர் அரசாங்கத்துக்குக் காணிக்கை கட்டித் தன் ஒருவர் பெயரிலேயே இனாமாகப் பதிந்துகொள்கிறார். அந்தக் கிராமம் அவருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும் உரியதாகவே நிற்கிறது. இன்னொன்று: நிலத்தை அடைமானமாகப் பெற்று அனுபவித்து வருகிறவர், தீர்வை நிலுவையாகட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவிடுகிறார், நிலம் ஏலத்துக்கு வருகிறது, அவரே ஏலத்தில் எடுக்கிறார். கடன் தொகையும் அவர் நியாயமாகச் செய்த செலவும் அவருக்குச் சேரவேண்டும். நிலமோ அடைமானம் வைத்தவருடைய நன்மைக்கே நிற்கிறது.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டமன்று. மகாராஷ்டிரத்தில் கிராம அதிகாரிகளின் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டபின், அப்பதவிக்குரிய நிலங்களை ஒரு தொகை பெற்றுக்கொண்டு அரசு மறுபடியும் வழங்கியது. அப்படிப்பட்ட ஒரு நிலத்தை ஒத்திக்குப் பிடித்திருந்தவர், உரியவர் தொகையைக் கட்டாத சமயத்தில் தாமே கட்டித் தம் பெயருக்கு வாங்கிக்கொண்டார். 1985-இல் உச்ச நீதிமன்றம் இதே 90-ஆம் பிரிவைக் காட்டி, அந்த நிலத்தை அவர் ஒத்தி வைத்தவருக்காகவே வைத்திருக்கிறார் என்று தீர்த்தது. அரசாங்கமே கொடுத்த உத்தரவும் அவரைச் சொந்தக்காரர் ஆக்கவில்லை.

பிரியமானவர்களே, பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையை ஒட்டிய நம் வடகவுஞ்சிப் பகுதியில் நிலம் எப்படிக் கை மாறுகிறது என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் ஒரு குடும்பம் திருப்பூருக்கு இறங்குகிறது. காப்பியும் மிளகும் மலைவாழையும் நிற்கும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கரைப் 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அண்ணனிடமோ பங்காளியிடமோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். சில வருஷங்களில் பட்டா ஒருவர் பெயருக்கு மாறிவிடுகிறது. பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அது தானாக யாருக்கும் உரிமையைப் படைப்பதில்லை என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனாலும் பட்டாவைக் காட்டினால் ஊர் வாயடைத்துப்போகிறது.

இரு தரப்பாரின் சம்மதத்தோடும், அடையாளங்களை மறைத்தும் ஒன்றைச் சொல்லுகிறேன். என் பராமரிப்பில் இருந்த ஒரு விதவைச் சகோதரி, ஒரு பிளாஸ்டிக் பையில் பழைய காகிதங்களோடு என்னிடம் வந்தார். மாமனாரின் தோட்டத்தில் கணவருக்குரிய பாதி, கணவருடைய அண்ணன் பெயருக்குப் போய்விட்டது. அந்த அண்ணனும் நம் சபையார்தான். திருவிருந்தில் இருவரும் ஒரே பந்தியில் முழங்கால்படியிடுகிறவர்கள். சகோதரி கேட்டது இதுதான்: "பணம் வேணாங்கய்யா. அந்தக் காப்பிச் செடி நானும் எங்க வீட்டுக்காரரும் வச்சது. அது எங்க பங்குன்னு பெரியவரு வாயால ஒரு தடவை சொன்னாப் போதும்."

நான் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அவர் கெட்ட மனுஷர் அல்லர். "தீர்வை கட்டினது நான். களையெடுத்தது நான். காட்டுமாடும் பன்னியும் வராம ராத்திரி ராத்திரியா காவல் கெடந்தது நான். சும்மா வந்திருமாய்யா தோட்டம்?" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அவருடைய உழைப்பை வேதமும் தள்ளிவிடுகிறதில்லை, சட்டமும் தள்ளிவிடுகிறதில்லை. மற்றப் பங்காளிகள் நியாயமான செலவில் தங்கள் பங்கைத் திருப்பித் தரவேண்டும் என்று 90-ஆம் பிரிவே சொல்லுகிறது. உரிய முறையில் பயிரிட்டவருடைய பாடுக்கும் திறமைக்கும் கழிந்த காலத்துக்கும் நியாயமான கூலியை 95-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. உழைப்புக்குக் கூலி உண்டு. ஆனால் உழைத்த காரணத்தால் சகோதரனுடைய பங்கு நம்முடையதாகிவிடாது. காவலிருந்தவருக்குக் காவல் கூலி, தோட்டம் தோட்டக்காரருக்கு.

நான் அவரிடம் சூனேமியாளின் வசனங்களை வாசித்தேன். பின்பு, "ஐயா, இதைத் திருப்பிக் கொடுத்தால் நீங்கள் தர்மம் செய்ததாக ஆகாது. இத்தனை வருஷமும் தம்பி வீட்டுக்காக வைத்திருந்ததை ஒப்படைத்ததாகவே ஆகும். தம்பி பிள்ளைகளின் முகத்தைத் தலைநிமிர்ந்து பார்க்கலாம்" என்றேன். அன்று அவர் பதில் சொல்லவில்லை. மாதங்கள் சென்றன. ஒருநாள் இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்திற்குப் போய் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்தார்கள். கடந்த வருஷங்களின் பலனைச் செலவு கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். அதை ஒரே தவணையில் கொடுக்க அவரால் கூடவில்லை. ஒவ்வொரு காப்பி அறுவடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வருகிறார். கணக்கு இன்னும் முடியவில்லை.

பலனையும் கொடுக்கவேண்டுமா என்று சிலர் கேட்கலாம். ஹாங்காங்கில் அரசு வழக்குகளை நடத்தும் உயர்ந்த பதவியில் வார்விக் ரீட் என்பவர் இருந்தார். குற்றவாளிகளைத் தப்பவிட லஞ்சம் வாங்கி, அந்தப் பணத்தில் நியூசிலாந்தில் வீடுகளை வாங்கினார். வீடுகளின் மதிப்பு உயர்ந்தது. 1993-இல் லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில், லஞ்சப் பணத்தில் வாங்கியவற்றை அவர் தம் எஜமானாகிய அரசுக்காகவே வைத்திருந்தார் என்றும், உயர்ந்த மதிப்பும் அரசையே சேரும் என்றும் தீர்த்தது. அடுத்த ஆண்டே நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டியது. ராஜாவின் பிரதானி ஏழு வருஷக் கணக்கைக் கேட்டதும் இந்த நியாயத்தினால்தான். பிறருடைய மரம் நம் கொல்லையில் நின்று காய்த்தாலும் காய் நம்முடையதல்ல.

ஆனாலும் சட்டத்தின் கை எட்டுகிற தூரம் குறைவு. உண்மை அறியாமல் விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருடைய உரிமையை 96-ஆம் பிரிவு காக்கிறது. ஆகவே அபகரித்தவர் நிலத்தை அப்படிப்பட்டவருக்கு விற்றுவிட்டால், இழந்தவருக்கு அந்த மண் திரும்புவது அரிது. தனித்துச் சொல்லப்படாத மற்ற எல்லா நிலைமைகளுக்கும் பொதுவாக இருந்த 94-ஆம் பிரிவு, 1988-இல் பினாமித் தடைச் சட்டம் வந்தபோது நீக்கப்பட்டது. இவையெல்லாம் போக, வழக்குத் தொடுக்கப் பணமும் பெலனும் வேண்டும். வாய்தாவுக்கு வாய்தா மலையிறங்கி வர எந்த விதவையால் முடியும்? நீதிமன்றம் கேட்டால்தான் தீர்க்கும். கேட்காதவளுடைய பங்கு மண்ணிலேயே கிடக்கும். அவளுக்காகக் கேட்கிறவர் ஒருவர் உண்டு என்பதே நம் விசுவாசம்.

இன்னொன்றையும் போதகனாக நான் சொல்லியாகவேண்டும். அறுப்பின் பண்டிகைக்கு முதற்பலனைக் கொண்டுவருகிறோம். ஆலயத்துக்கு நாற்காலி வாங்கித் தருகிறோம். நல்லது. ஆனால் பிறர் பங்கிலிருந்து வந்ததைக் காணிக்கைப் பையில் போட்டு மனதை ஆற்றிக்கொள்ள முடியாது. லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தின் ஒழுங்கைப் பாருங்கள். வஞ்சித்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி உரியவனுக்குக் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகே பலியைக் கொண்டு ஆசாரியனிடம் வரவேண்டும். வாங்கிக்கொள்ள உரியவனும் இல்லை, இனத்தானும் இல்லை என்றால்தான் அது கர்த்தருக்குச் செல்லும் என்று எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் சொல்லுகிறது. சகேயுவும் இரண்டையும் கலக்கவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்றது ஈகை. அநியாயமாய் வாங்கினவர்களுக்கு நாலத்தனையாய்த் திருப்புவேன் என்றது கடன். ஏழைக்குக் கொடுத்ததைக் கொண்டு வஞ்சிக்கப்பட்டவனுடைய கணக்கை அவன் அடைக்கப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்குத்தான் இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் அறிவித்தார்.

எனக்குப் பிரியமானவர்களே, இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். டிரங்குப் பெட்டியில் இருக்கும் பத்திரங்களையும் பட்டாவையும் எடுத்து, குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள். தாத்தா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு வருவதற்குள் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். கட்டிக்கொடுத்த அக்காவாக இருக்கலாம். ஊரை விட்டுப் போன தம்பியாக இருக்கலாம். அவசரத்துக்குச் சிறு தொகை வாங்கி ஒத்தி வைத்துவிட்டு மீட்க வராமற்போன ஓர் ஏழைக் குடும்பமாக இருக்கலாம். வருஷங்கள் கடந்ததாலேயே ஒத்தி நிலம் நம்முடையதாகிவிடாது. அப்படி ஒரு பெயர் அகப்பட்டால், அவர்கள் நம்மைத் தேடி வரும் வரைக்கும் காத்திராமல் நாமே அவர்களைத் தேடிப் போவோம்.

ஜெபம்: நீதியுள்ள பிதாவே, எங்கள் கையில் இருப்பவற்றில் எங்களுடையது எது, நாங்கள் பிறருக்காக வைத்திருப்பது எது என்று எங்களுக்குக் காட்டும். இழந்தவர்களுக்குப் பொறுமையைத் தாரும். வைத்திருப்பவர்களுக்குத் தைரியத்தைத் தாரும். சகோதரருக்குள் கணக்கு முடிந்து, ஒரே பந்தியில் மனச்சாட்சி குத்தாமல் உமது அப்பத்தைப் புசிக்கக் கிருபை செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்