காட்டு விடுதியில் ஒரு காலை உணவு



தலைநகரில் பிழைப்பிற்காக வந்து தங்கிவிட்ட நம்மவரில் பலருக்கு விடுமுறை என்றால் ஒரே பொருள்தான்: ஊருக்குப் போகும் ரயில். முப்பது மணி நேரத்திற்கும் மேலாகப் பயணம் செய்து, திருமணத்திலோ துக்க வீட்டிலோ நான்கு நாட்கள் நின்றுவிட்டு, மறுபடியும் அதே ரயிலில் திரும்புகிறோம். கூடி ஆராதிக்கிற நாம் கூடிப் பயணம் போனதே இல்லையே என்று சபையின் வாலிபர் சிலர் கேட்டபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அப்படித்தான் 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், உயிர்த்தெழுதல் பண்டிகை கழிந்த மறு வாரத்தில், நாங்கள் பதினொரு பேர் கார்பெட் தேசியப் பூங்காவிற்குள் இரண்டு இரவுகள் தங்கச் சென்றோம்.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்தபின் பயணத்திற்குப் பெயர் கொடுத்தவர்களை நிறுத்திவைத்து விதிமுறைகளை வாசித்தேன். நாங்கள் தங்கவிருந்த வன விடுதியில் உணவகம் இல்லை. அரிசி முதல் தீப்பெட்டி வரை நாமே கொண்டுபோக வேண்டும். நாமே சமைத்துக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டதும் ஒரு சகோதரர், "அப்படியானால் சமையல் யார் பொறுப்பு, பாஸ்டர் ஐயா?" என்று வினவினார்.

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "நம் சகோதரி இருக்கிறாரே, பிறகென்ன கவலை!" என்று சிரித்துக்கொண்டே கைகாட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சகோதரியும் சிரித்தார். விஷயம் அத்துடன் முடிந்தது.

அவரைப்பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருபது வயதில் டெல்லிக்கு வந்தவர். கணவர் இல்லை. காலை ஐந்தரை மணி முதல் இரவு ஏழு மணி வரை நான்கு வீடுகளில் சமையல் வேலை. சப்பாத்தியும் ராஜ்மாவும் செய்யும் அதே கை, மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் ஐக்கிய விருந்துக்கு நூறு பேருக்குச் சாம்பார் வைக்கும். அது அவர் செய்கிற ஊழியம் என்று நாங்கள் எல்லாரும் சொல்லி வந்தோம். செய்ய விருப்பமா என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

டெல்லியிலிருந்து ஏறக்குறைய 250 கி.மீ. தொலைவில், இமயமலையின் அடிவாரத்தில் உத்தராகண்டின் ராம்நகர் இருக்கிறது. இரவு வண்டியில் ஏறினால் விடியும்போது இறங்கிவிடலாம். காய்கறி, பால், ரொட்டி ஆகியவற்றை அங்கேயே கடைத்தெருவில் வாங்கிக்கொண்டோம். டெல்லியிலிருந்து ஆறு கிலோ பொன்னி அரிசி, துவரம் பருப்பு, ரவை, புளி, சாம்பார் பொடி, எண்ணெய், இரண்டு பெரிய குக்கர் எல்லாம் வந்திருந்தன. ஒரு தாயார் எவருக்கும் சொல்லாமல் நெத்திலிக் கருவாட்டையும் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார்! பூங்காவிற்குள் மாம்ச உணவும் மதுவும் அறவே தடை. ஜீப் ஓட்டுநர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்தார். மூன்று நாட்கள் அந்தப் பொட்டலம் ராம்நகரில் ஒரு தேநீர்க் கடையின் பின்புறத்தில் தொங்கிற்று. திரும்பும்போது அந்தத் தாயார் அதை மறவாமல் வாங்கிக்கொண்டார்.

இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இதுவே. 1936-இல் ஹெய்லி தேசியப் பூங்கா என்ற பெயரில் நிறுவப்பட்டது. ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் புகழ்பெற்று, பிற்காலத்தில் புலிகளுக்காகவே வாதாடிய ஜிம் கார்பெட்டின் பெயர் பின்னரே சூட்டப்பட்டது. 1973-இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் இங்கேதான். காட்டிற்குள் அங்கங்கே நிற்கும் பழைய ஓய்வு விடுதிகள், வெள்ளைக்கார வன அதிகாரிகள் குதிரையிலும் யானையிலும் சுற்றுப்பயணம் செய்த காலத்தில் இரவு தங்குவதற்காகக் கட்டப்பட்டவை. அந்த அதிகாரிகளுடன் சமையற்காரரும் கூடவே வந்திருப்பார் என்பது எனக்கு இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

தங்கடி வாயிலில் அனுமதிச் சீட்டைக் காட்டி உள்ளே நுழைந்தால், இருபுறமும் சால் மரங்கள் தூண்களைப்போல நிமிர்ந்து நிற்கின்றன. இலைச் சருகு மணமும் ஈர மண் மணமும் கலந்து வீசும். டெல்லிப் புகையில் பழகிய நெஞ்சு முதலில் அதை நம்ப மறுக்கிறது. எங்கள் விடுதி ராம்கங்கை ஆற்றை அடுத்திருந்தது. பெண்களுக்கு ஓர் அறை, ஆண்களுக்கு வரிசையாகக் கட்டில்கள் போட்ட நீண்ட கூடம், சற்றுத் தள்ளி ஒரு சமையற்கட்டு. சுற்றிலும் மின்வேலி. வேலிக்கு வெளியே காலடி வைக்கக் கூடாது என்று சௌக்கிதார் இருமுறை கூறினார். விளக்கு சூரிய ஒளி மின்சாரத்தில். இரவில் சில மணி நேரம் மட்டுமே எரியும். பாட்டு, ஒலிபெருக்கி எதுவும் கூடாது. எங்கள் ஜெபத்தைக்கூட மெல்லிய குரலில்தான் ஏறெடுத்தோம். பெந்தெகொஸ்தேக்காரர் பதினொருவர் மெல்லிய குரலில் ஜெபிப்பதென்றால் எவ்வளவு பிரயாசம் என்று உங்களுக்குத் தெரியும்!

அன்று மாலை காட்டைச் சுற்றிப் பார்க்க இரண்டு ஜீப்புகள் ஆயத்தமாயின. ஏறும்போது சகோதரி வாசலில் நின்றார். "நீங்கள் போய் வாருங்கள் ஐயா. இருட்டுவதற்குள் பருப்பு வேக வேண்டும். விளக்கு எத்தனை மணி வரையோ" என்றார். அது எனக்கு மிகவும் பொறுப்பான வார்த்தையாகத் தோன்றியது. சரி அம்மா என்று சொல்லி ஏறிவிட்டேன்.

ஆற்றங்கரை மேட்டில் புள்ளிமான் கூட்டம் ஒன்று மரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்தது. மேலே குரங்குகள் இலைகளைத் தின்று பாதியை உதறிக்கொண்டிருந்தன; அப்படி விழுவதை மான்கள் பொறுக்கும் என்றும், புலி நடமாட்டத்தை உயரத்திலிருந்து முதலில் காண்பது குரங்கு என்றும், அது குரல் கொடுத்தால் மான்கள் எச்சரிக்கையாகும் என்றும் வழிகாட்டி விளக்கினார். திரும்பும் வழியில் ஒரு யானைக்கூட்டம் பாதையைக் கடந்தது. நடுவில் குட்டி ஒன்று, தாயின் கால்களுக்கிடையே ஒளிந்து ஒளிந்து நடந்தது. நாங்கள் மூச்சு விடவும் அஞ்சி அமர்ந்திருந்தோம்.

விடுதிக்கு வந்தபோது சுடுசோறும் சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் காத்திருந்தன. வயிறார உண்டோம், வாயாரப் புகழ்ந்தோம். எல்லாரும் உண்டபின் அவர் சமையற்கட்டின் வாசற்படியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். அருகில் என் துணைவியார். கை கழுவச் சென்ற எனக்கு அவர் கேட்டது காதில் விழுந்தது: "யானைக்குட்டி எவ்வளவு உயரம் இருந்தது அக்கா?"

இரவு படுக்கப்போகுமுன் என் துணைவியார் வெளியே அழைத்துச் சொன்னார். பயணச் செலவுக்காக நாம் வசூலித்த தலைக்கு 3,000 ரூபாயை அந்தச் சகோதரியும் முழுதாகக் கட்டியிருக்கிறார். மூன்று நாள் விடுப்புக்கு இரண்டு வீடுகளில் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். டெல்லிக்கு வந்து பதினாறு ஆண்டுகளில், ஊருக்குப் போனதைத் தவிர, அவர் எடுத்த முதல் விடுமுறை இது. "பணமும் கொடுத்து, சம்பளத்தையும் இழந்து, ஐந்தாவது வீட்டிற்கு வேலைக்கு வந்திருக்கிறார்" என்றார் என் துணைவியார். அவர் பொதுவாக இப்படிப் பேசுகிறவர் அல்ல.

எனக்குத் தூக்கம் வரவில்லை. முந்தின ஞாயிறு நான் பிரசங்கித்தது எதைக்குறித்து என்று நினைவுக்கு வந்தது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் விடியற்காலத்தில் கரி நெருப்பு மூட்டி, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீஷர்களுக்குத் தாமே உணவு ஆயத்தம்பண்ணியிருந்த அந்தப் பகுதி. வேதாகமக் கல்லூரி நாட்கள் முதல் அதை எத்தனை முறை போதித்திருப்பேன்! பேதுரு மூன்று முறை மறுதலித்ததையும் மூன்று முறை கேட்கப்பட்டதையும் விரிவாகப் பேசுவேன். நெருப்பை மூட்டியது யார் என்பதை ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுவேன். எனக்கு அப்போது வயது 45. அந்த வயது வரை மற்றொருவருக்காக நான் அடுப்பு மூட்டியதே இல்லை. வீட்டில் தாயார், கல்லூரி விடுதியில் சமையற்காரர், பிறகு மனைவி, ஊழியத்தில் விசுவாசிகளின் வீடுகள். எங்கும் எனக்கு இலை போட்டே வைத்திருந்தார்கள்.

நள்ளிரவுக்குமேல் ஆற்றின் பக்கமாக மான் ஒன்று கூவிற்று; சற்று நேரத்தில் மீண்டும். புலி நடந்திருக்கும் என்று சௌக்கிதார் காலையில் கூறினார்.

நான்கு மணிக்கு எழுந்து, வாலிபர் இருவரைத் தட்டி எழுப்பிக்கொண்டு சமையற்கட்டிற்குள் போனேன். கைவிளக்கை ஒருவன் பிடித்துக்கொண்டான். எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கவே மூன்று தீக்குச்சிகள் செலவாயின. உப்புமா எளிது என்று எவரோ சொன்னதை நம்பினோம். பதினொருவருக்கு எவ்வளவு ரவை? ரவைக்கு எவ்வளவு தண்ணீர்? மூவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. வெங்காயம் கருகிற்று. ரவையைக் கொட்டியதும் கட்டி கட்டியாகத் திரண்டது. அந்த ஓசையில் சகோதரி எழுந்து வந்துவிட்டார்.

"தள்ளுங்கள் ஐயா, நான் பார்க்கிறேன்."

"வேண்டாம் அம்மா. இன்று நீங்கள் முதல் ஜீப்பில் போகிறீர்கள். நான் இங்கே இருக்கிறேன்."

அவர் மகிழ்ந்தார் என்று எழுதினால் அது உண்மையாகாது. முகம் வாடிவிட்டது. "என் சமையலில் ஏதாவது குறையா ஐயா?" என்று கேட்டார். நான் எதிர்பாராத கேள்வி அது. நேற்று அவரிடம் கேளாமல் வேலையைக் கொடுத்தேன். இன்று அவரிடம் கேளாமலே பிடுங்கிக்கொண்டேன். இரண்டும் ஒரே தவறுதான் என்பது அந்த நேரத்தில் எனக்கு விளங்கியது என்று சொல்லமாட்டேன், விளங்க நெடுநாளாயிற்று. அப்போது எனக்குத் தெரிந்தவரையில், "டெல்லியில் உங்களைக் கேளாமல் எல்லார் முன்பாகவும் கைகாட்டினேன். அது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போலச் சற்று நேரம் வாசலில் நின்றார். பிறகு, தலையை வாரிக்கொண்டு வரப் போனார்.

ஜீப்புகள் போய்த் திரும்பச் சுமார் மூன்று மணி நேரம். நாங்கள் மூவரும் கருகின பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் தனியே பைகளில் கட்டினோம். கொண்டுவந்த குப்பையைத் திரும்ப வெளியே எடுத்துச் செல்வது அங்கே கட்டாயம். இரண்டாம் முறை உப்புமா ஓரளவு உதிராகவே வந்தது.

அவர்கள் புலியைக் காணவில்லை. மணலில் அதன் காலடித் தடத்தைக் கண்டார்களாம். வாலிபர்கள் ஆளுக்கொரு விதமாக அதை வருணித்தார்கள். சகோதரியைப் பலகையில் அமரவைத்து முதல் தட்டை அவர் கையில் கொடுத்தேன். நிதானமாக உண்டார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி, அதையும் முடித்துவிட்டுத்தான் சொன்னார்: "உப்பு போட மறந்துவிட்டீர்கள் ஐயா."

டெல்லிக்குத் திரும்பியபின் ஐக்கிய விருந்தின் சமையலுக்குப் பெயர் எழுத ஒரு தாளைச் சபையின் கதவருகே ஒட்டினோம். அது எல்லாருக்கும் பிரியமாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆண்களின் முறை வரும் மாதத்தில் இன்றும் சில வேளை கடையிலிருந்துதான் புலாவ் வருகிறது. சகோதரி முதல் மூன்று மாதங்கள் பெயர் எழுதவில்லை. நான்காம் மாதம் தம் கையாலேயே எழுதினார். நான் கேட்கவில்லை.

வருகிற ஏப்ரலில் மறுபடியும் போகலாம் என்று பேச்சு எழும்பியிருக்கிறது. சாமான் பட்டியலை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். உப்பு முதல் வரியில். சகோதரி ஒரு நிபந்தனையோடு பெயர் கொடுத்திருக்கிறார். இரண்டு வேளை சமைப்பாராம், அதற்குமேல் இல்லை. ஜீப்பில் முன் இருக்கை தமக்கு வேண்டுமாம்.