"எரிச்சலே இல்லடா!"

எங்கள் ஆபீஸில் ஸ்டேப்ளர் கடன் கேட்டால் முறைப்பார்கள். வயிற்றெரிச்சல் மாத்திரை கேட்டுப் பாருங்கள்... நாலு டிராயர் ஒரே சமயத்தில் திறக்கும்! நாலு மணிக்கு பஜ்ஜி, ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா என்று வாழ்கிற ஜாதி நாங்கள். எனக்கும் மூன்று வருஷமாக இட்லிக்கு முன்னால் ஒரு மாத்திரை. 'கேஸ் டிரபிள்' என்று எனக்கு நானே சர்ட்டிபிகேட் கொடுத்திருந்தேன்.

அப்பாவும் அப்படித்தான். மஞ்சப்பையில் பிங்க் கலர் ஜெலூசில் பாட்டில் இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார். பந்தியிலிருந்து எழுந்ததும் மூடியில் ஊற்றி ஒரு மடக்கு. கடைசி இரண்டு வருஷம் அந்தப் பாட்டிலைக் காணோம். "இப்பல்லாம் எரிச்சலே இல்லடா" என்றார் பெருமையாக. நாங்களும் சந்தோஷப்பட்டோம். அப்புறம் பசி போயிற்று, சட்டை தொளதொளத்தது. 2009-ல் இரைப்பையில் புற்றுநோய் என்றார்கள். ஆறே மாதம்.

இதை டாக்டரிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "மாத்திரையை ரெண்டு வாரம் நிறுத்திட்டு வாங்க. இல்லேன்னா டெஸ்ட்ல கிருமி ஒளிஞ்சுக்கும்" என்றார்.

அந்த இரண்டு வாரத்தை விவரிக்க இந்தப் பக்கம் போதாது. பிறகு தொண்டையில் மரத்துப்போகிற ஸ்ப்ரே அடித்து, இடது பக்கமாகப் படுக்கவைத்து, குழாயை உள்ளே விட்டார்கள். இரைப்பைச் சுவரிலிருந்து துளி சதை எடுத்து மஞ்சள் நிற மருந்தில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அது பிங்க் ஆயிற்று. அதே ஜெலூசில் கலர்!

"ஹெலிகோபாக்டர் பைலோரி" என்றார் டாக்டர். ஏதோ இத்தாலி பெயின்ட்டர் பெயர் மாதிரி இருந்தது. சுருள் வடிவக் கிருமியாம். யூரியாவை உடைத்து அம்மோனியா செய்து, அதையே குடையாகப் பிடித்துக்கொண்டு அமிலத்துக்குள் குடித்தனம் நடத்துமாம்.

அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து டாக்டர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இல்லை என்றபோது நம்ப ஆளில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே மடக்மடக்கென்று குடித்துவிட்டார். மனைவியிடம் அப்புறம்தான் சொன்னாராம் (புத்திசாலி!). சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பை வீங்கிச் சிவந்திருந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. அதற்கு முன்பே, 1994-ல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இந்தக் கிருமியை சிகரெட் இருக்கும் அதே முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

"அப்ப எனக்கும்...?" என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது.

"பயப்படாதீங்க. இந்தக் கிருமி இருக்கிற நூறு பேர்ல மூணு பேருக்கு மேல புற்றுநோய் வர்றதில்ல. ஆனா உங்களுக்கு அப்பா கேஸ் இருக்கு" என்றவர், பிரிஸ்கிருப்ஷன் பேப்பரின் பின்னால் வரைந்து காட்டினார். முதலில் ஓயாத வீக்கம். பிறகு அமிலம் சுரக்கிற சுரப்பிகள் தேய்கின்றன. அந்த இடத்தில் குடலில் இருக்கவேண்டிய செல்கள் முளைக்கின்றன. அவை தாறுமாறாகி, ஒரு நாள் புற்று. எல்லாம் முப்பது நாற்பது வருஷக் கதை.

நான் இரண்டாவது படத்திலேயே நின்றுவிட்டேன். "சுரப்பி தேஞ்சா அமிலம் குறையுமா டாக்டர்?"

"குறையும்."

"எரிச்சல்?"

அவர் பேனாவை மூடினார். "அதுவும் குறையலாம்."

எனக்கு இன்னும் இரண்டாவது படம் வரவில்லையாம். இரண்டு ஆன்டிபயாடிக், ஓர் அமிலக் குறைப்பு மாத்திரை, பதினாலு நாள். வாயெல்லாம் பழைய பித்தளைச் செம்பை நக்கின மாதிரி ருசி. ஆறு வாரம் கழித்து ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். கிருமி போயிருந்தது. "அபாயம் குறைஞ்சிருக்கு, பூஜ்யம் ஆகல. அப்பப்ப வந்து காட்டுங்க" என்றார் டாக்டர். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: இது பெரும்பாலும் சின்ன வயசில், வீட்டுக்குள்ளேயே தொற்றுவது.

அண்ணாவும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அன்று ராத்திரியே போன் போட்டேன்.

"எனக்கா? போன வருஷம்வரைக்கும் எரிச்சல் இருந்துது. இப்பல்லாம் ஒண்ணுமே இல்லடா!" என்றான் உற்சாகமாக.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அவன் பேரில் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன்.