லைட்டைத் திறந்தவர்கள்

சிங்கப்பூரில் பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. மாணவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்தவர்கள். உணவங்காடியில் பாத்திரம் கழுவுகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்த்துவிட்டுத் துணைக்குத் தங்கியிருக்கும் அம்மாக்கள். என்னை ‘லாவ்ஷி’ என்று கூப்பிடுவார்கள். ஆசிரியர் என்று பொருள். அந்த மரியாதைக்கு நான் செய்த கைம்மாறு என்ன தெரியுமா? அவர்களுடைய தப்புகளை ஒரு நோட்டில் குறித்துவைத்து, தேக்காவில் நண்பர்களோடு டீ குடிக்கும்போது வாசித்துக்காட்டினேன்.

நோட்டில் அதிகம் இடம் பிடித்த சொல் ‘ஓப்பன்’. ‘ஓப்பன் த லைட்’, ‘ஓப்பன் த டிவி’, கார் ஓட்டுவதற்கு ‘ஓப்பன் த கார்’. டீக்கடையில் சிரிப்பு அள்ளும். வகுப்பிலும் அதே கூத்துதான். ஃபூஜியனிலிருந்து வந்த ஓர் அம்மா, அறை இருட்டிவிட்டது என்று ‘ஓப்பன் த லைட்’ என்றார். நான் நாற்காலியில் ஏறி நின்று, குழல்விளக்கில் மூடி எங்கே இருக்கிறது என்று தேடுவதுபோல் நடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அப்புறம் அந்தத் தவணை முழுக்க நான் கேட்டால் ஒழிய அவர் வாய் திறக்கவில்லை.

சீன மொழி அகராதி ஒன்றைப் புரட்ட எனக்கு வருடக்கணக்கில் தோன்றவில்லை. புரட்டியிருந்தால் முதல் நாளே விளங்கியிருக்கும். அவர்களிடம் ‘காய்’ என்றொரு வினைச்சொல் இருக்கிறது. கதவைத் திறப்பது காய். விளக்கைப் போடுவது, வண்டி ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, பூ மலர்வது, டாக்டர் மருந்து எழுதித் தருவது, எல்லாமே காய்தான். கொதித்த வெந்நீருக்குத் ‘திறந்த தண்ணீர்’ என்று பெயர். மகிழ்ச்சியாக இருப்பது ‘மனம் திறப்பது’. பழைய எழுத்துமுறையில் இந்தச் சொல்லுக்குள் ஒரு வாசல் வரையப்பட்டிருக்கும். எளிமைப்படுத்திய எழுத்தில் வாசலை எடுத்துவிட்டார்கள். இத்தனையையும் சுமக்கும் சொல்லுக்கு இருமொழி அகராதி முதல் பொருளாகக் கொடுப்பது ‘ஓப்பன்’. அந்த அம்மா அதை நம்பினார். சீனர்கள் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. பிலிப்பினோக்களின் தகலோக்கிலும் கிரேக்கத்திலும் விளக்கைத் ‘திறக்க’த்தான் செய்கிறார்கள். ஆங்கிலேயர் ‘டர்ன் ஆன்’ என்று விளக்கைத் ‘திருப்பு’வதில் மட்டும் என்ன பெரிய தர்க்கம்? திருகு வைத்த குழாய்க்குப் பொருந்திய பேச்சு, சுவிட்சுக்கும் ஒட்டிக்கொண்டது.

நாற்காலியில் ஏறி நடித்ததைவிட மோசமான ஒன்றும் உண்டு. கடை திறந்திருக்கிறது என்பதற்கு அவர்கள் ‘த ஷாப் இஸ் ஓப்பன்ட்’ என்று எழுதுவார்கள். சிவப்பு மையால் அடிப்பேன். மூடியிருக்கிறது என்பதற்கு ‘த ஷாப் இஸ் க்ளோஸ்’ என்று எழுதுவார்கள். அதையும் அடிப்பேன். ஒரு மாணவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார்: மூடியதற்கு ‘க்ளோஸ்ட்’ சரியென்றால், திறந்ததற்கு ‘ஓப்பன்ட்’ ஏன் தப்பு? நியாயமான கேள்வி. ‘ஓப்பன்’ வினைச்சொல்லாகவும் இருக்கிறது, திறந்திருக்கும் நிலையைச் சொல்லும் பெயரடையாகவும் இருக்கிறது. மூடிய நிலைக்கு அப்படித் தனிப் பெயரடை வழக்கில் இல்லாததால், வினையிலிருந்து பிறந்த ‘க்ளோஸ்ட்’ அந்த வேலையைப் பார்க்கிறது. சீனத்தில் வினைச்சொல் இப்படி உருமாறுவதே கிடையாது என்பதால் அவர்களுக்கு இது இரட்டைக் குழப்பம். இதை இப்போது எழுதுகிறேன். அன்று எனக்குத் தெரியாது. ‘ஆங்கிலத்தில் அப்படித்தான், மனப்பாடம் பண்ணுங்கள்’ என்றேன், கொஞ்சம் அதட்டலாகவே. தெரியாததை அதட்டி மறைப்பது எங்கள் தொழிலின் பழைய வியாதி.

அதே மாணவர் ஒரு நாள் இடைவேளையில், ‘லாவ்ஷி, உங்கள் மொழியில் லைட்டை என்ன செய்வீர்கள்?’ என்றார். போடுவோம் என்றேன். கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தார். வை, கீழே விடு, எறி என்று ஆங்கிலத்தில் வரிசையாக வந்தது. ‘லைட்டைக் கீழே போடுவீர்களா?’ என்று கேட்டார். கிண்டலில்லை, நிஜமான சந்தேகம். சட்டை போடுகிறோம், டீ போடுகிறோம், கோலம் போடுகிறோம், ஊசி போடுகிறோம், சண்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம். சின்ன வயதில் நானே ‘புட் த ஃபேன்’ என்று சொல்லி வளர்ந்தவன்தான். அத்தனையும் ஒரு நொடியில் நினைவுக்கு வந்தது. அவரிடம் சொன்னேனா? மணியாகிவிட்டது, வகுப்புக்குப் போகலாம் என்றேன்.

அதோடு திருந்தியிருந்தால் இதை எழுதும் தேவையே வந்திருக்காது. அடுத்த தவணையின் முதல் வகுப்பிலும் நாற்காலியில் ஏறினேன். புது முகங்களைச் சிரிக்கவைக்க அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு வந்தால் நல்ல ஆசிரியர் என்ற பெயரும் கூடவே வரும். அந்தப் பெயருக்காக, தெரிந்தே செய்தேன். தெரியாமல் சிரித்த காலத்தை மன்னித்தாலும் இதற்கு மன்னிப்பில்லை.

நோட்டைக் கிழித்துவிட்டேன். சீனர்களுக்கு ஆங்கிலம் எடுக்கும் தமிழர் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘ஓப்பன் த லைட்’ என்று காதில் விழுந்தால் எழுந்து சுவிட்சைப் போடுங்கள். போட்டுக்கொண்டே ‘டர்ன் ஆன்’ என்று ஒரு தரம் சொல்லுங்கள். நாற்காலியில் ஏற வேண்டாம்.