யாரும் போட்டோ எடுக்காத கொட்டகை

பெங்களூருவிலிருந்து சிக்கபள்ளாப்பூர் போகும் தடத்தில் நந்தி ஹால்ட் என்றொரு சின்ன ஸ்டேஷன். விசுவேசுவரய்யா மைசூர் திவானாக இருந்தபோது, 1915-இல் போட்ட குறும்பாதையைச் சேர்ந்தது. பாழடைந்து கிடந்ததைப் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு அண்மையில் செப்பனிட்டது. ஓட்டுக்கூரை, பின்னால் நந்தி மலை. போட்டோ எடுக்கக் கூட்டம் வருகிறது, நானும் எடுத்தேன்.

ஸ்டேஷன் என்றால் பரிந்து பேச ஆள் உண்டு. எவரையாவது வழியனுப்பிய நினைவு எல்லோருக்கும் இருக்கும். என்ஜினைப் பிரித்து மாட்டிய ஒர்க் ஷாப்புக்கு யார் இருக்கிறார்கள்? பயணியை அதற்குள் விடுவதே இல்லை.

சித்தப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். ஆயுத பூஜைக்கு மட்டும் குடும்பத்தோடு உள்ளே போகலாம். வானமே தெரியாத கூரை, சந்தனம் பூசிய லேத்துகள், எண்ணெய் நாற்றத்தோடு கலந்த பொரி வாசனை. தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினத்து ஒர்க் ஷாப்பை மூடிவிட்டு 1928-இல் இங்கே வந்தது. கூடவே ஆட்குறைப்பும் வந்தது. அதை எதிர்த்த வேலைநிறுத்தத்துக்காகத் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறை சென்றார். 1946 செப்டம்பர் 5 அன்று இங்கே நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். பொன்மலையில் சங்கத் திடல் என்றால் இன்றும் அந்த நாள்தான் பேச்சு.

இவ்வளவு வரலாறு இருந்தும் அந்தக் கட்டடங்கள் நிற்பதற்குக் காரணம் வரலாறு அல்ல, வேலை. ஊட்டி மலைப்பாதைக்கு நீராவி என்ஜினை வேறு யார் செய்து கொடுப்பார்கள்? 2021-இல்கூட நிலக்கரியில் ஓடும் புது என்ஜின் ஒன்று பொன்மலையிலிருந்து போனது. மியூசியத்துக்குப் போயிருக்க வேண்டிய கைவித்தைக்கு அங்கே மாதச் சம்பளம் தருகிறார்கள். கூரை ஒழுகினால் அன்றைக்கே சரிசெய்தாக வேண்டும். இதைவிடப் பெரிய பராமரிப்புத் திட்டம் எனக்குத் தெரியாது.

வேலை நின்றபின் என்ன ஆகும்? இங்கிலாந்தில் ஸ்விண்டன் ஒர்க் ஷாப் 1986-இல் மூடியது. பிறகு ஒரு பகுதி மியூசியம், இன்னொரு பகுதி துணிக்கடைகள் நிறைந்த மால். இடித்துத் தள்ளாமல் விட்டார்களே என்று எனக்குச் சந்தோஷம்தான். பழைய கிரேனைக்கூட அழகுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள் என்று சித்தப்பாவிடம் சொன்னேன்.

“ஓடுதா?”

“இல்ல சித்தப்பா, சும்மா மேல நிக்குது.”

“கீழ ஜனம் நடக்குதுங்கிற. லோடு டெஸ்ட் யாருடா பண்றா?”