ஒரு வாக்கியமும் ஐந்து நாட்களும்

2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. ஸான்ஃபிரான்ஸிஸ்கோவின் ஓப்பன் ஏஐ நிறுவனம் தன் தலைமை நிர்வாகி ஸாம் ஆல்ட்மனை விலக்கிவிட்டதாக ஒரு சிறு அறிக்கை வெளியிட்டது. இயக்குநர் குழுவிடம் அவர் எப்போதும் ஒளிவுமறைவில்லாமல் பேசவில்லை, ஆகவே அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது. காரணம் என்று சொல்லப்பட்டது இவ்வளவுதான். எதை மறைத்தார், எப்போது மறைத்தார் என்பது பற்றி ஒரு சொல் இல்லை. வார்த்தைகளோடு மல்லுக்கட்டிப் பழகிவிட்ட எனக்கு, அந்த விவகாரத்தில் புரண்ட பணத்தைவிட இந்த வாக்கியம்தான் முக்கியமாகப் படுகிறது.

2015ல் லாப நோக்கமற்ற ஸ்தாபனமாகத் தொடங்கியது அது. பணத்தேவை 2019ல் லாபம் ஈட்டும் கிளை ஒன்றை அதன் அடியில் முளைக்கவைத்தது. மைக்ரோஸாஃப்டிலிருந்து சுமார் 1,300 கோடி டாலர் என்று பேச்சு வளர்ந்தது. ஆனால் மேலே இருந்த ஆறு பேர் குழுவில் மைக்ரோஸாஃப்டுக்கு ஓர் இடமும் இல்லை. குழுவின் கடமை பணம் போட்டவர்களுக்கல்ல, மனித குலத்துக்கு என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆறில் நால்வர் சேர்ந்து விலக்கினார்கள். உரிமை இருந்தது. மனித குலத்தின் பேரால் செய்கிறவர்கள் மனித குலத்திடம் காரணம் சொல்ல வேண்டாமா?

நண்பர்கள் கூடி நடத்திய ஒரு பத்திரிகையிலிருந்து ஆசிரியர் விலக்கப்பட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அடுத்த இதழில் 'கருத்து வேறுபாடு' என்று இரண்டே வார்த்தைகள். மிச்சத்தை வாசகர்கள் கற்பித்துக்கொண்டார்கள். நிஜமான காரணம் கௌரவமானது, கற்பிக்கப்பட்டவை அப்படியல்ல. மௌனத்தை நாம் விட்டுவைத்தால் பிறர் வந்து குடியேறிவிடுகிறார்கள்.

அங்கும் அதுவே. திங்களன்று, ஆல்ட்மன் தங்களிடம் வருவதாக மைக்ரோஸாஃப்டின் ஸத்யா நாதெள்ளா அறிவித்தார். சுமார் 770 ஊழியர்களில் 700 பேருக்கு மேல், குழு விலகாவிட்டால் நாங்கள் விலகுவோம் என்று கையெழுத்திட்டார்கள். விசுவாசமா, பங்குகளின் மதிப்பா? ஒரே கையெழுத்தில் இரண்டும் இருக்கலாம். அந்தப் பட்டியலில் இல்யா ஸுட்ஸ்கெவர் பெயரும் இருந்தது. விலக்கிய நால்வரில் ஒருவர் அவர். செய்ததற்கு வருந்துவதாகவும் பகிரங்கமாக எழுதினார். நம்மவர்களானால் உடனே துரோகி என்று பட்டம் கட்டியிருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் கையால் கட்டியது கண்ணெதிரே சரியும்போது கொள்கையை மட்டும் பற்றிக்கொண்டு நிற்பது, தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கே சுலபம்.

ஐந்தாம் நாள் இரவு ஆல்ட்மன் திரும்புவது முடிவாயிற்று. நால்வரில் மூவர் குழுவிலிருந்து போனார்கள். 2024 மார்ச்சில், அவர் நடத்தை நீக்கத்தைக் கட்டாயமாக்கவில்லை என்று ஒரு சட்ட நிறுவனத்தின் விசாரணை முடிவாயிற்று. வெளியானது சுருக்கம் மட்டும். மே மாதம்தான், போன மூவரில் ஒருவரான ஹெலன் டோனர் வாய் திறந்தார். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதையே குழு ட்விட்டரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது என்றார்.

ஆறு மாதம் தாமதித்து வந்த அந்த ஒரு தகவல், முதல் அறிக்கை முழுவதையும்விட கனமானது. அன்றே சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். பணம் அவ்வளவு சுலபத்தில் தோற்பதில்லை. ஆனால் எதற்காகத் தோற்றார்கள் என்பதாவது அன்றே தெரிந்திருக்கும்.