வினிபசாக்கி ஏரிக்கரையில் பிக்சர் ட்யூப் கூட்டம்

பாஸ்டனிலிருந்து ஐ-93 நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நியூ ஹாம்ப்ஷயரின் வினிபசாக்கி ஏரி வந்துவிடும். கோடையில் எல்லாரும் படகுக்கும் குளியலுக்கும் போகிற இடம். நாங்கள் போனது ஏரியைப் பார்க்க அல்ல. லகோனியாவின் வீர்ஸ் பீச் பகுதியில் இருக்கும் ஃபன்ஸ்பாட்டுக்கு. பாப் லாட்டன் என்பவர் பாட்டியிடம் 750 டாலர் கடன் வாங்கி 1952-இல் ஆரம்பித்த விளையாட்டுக் கூடம் அது. அதற்குள்ளேயே அமெரிக்கன் கிளாசிக் ஆர்கேட் மியூசியம் இருக்கிறது. மியூசியம் என்றதும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள் என்று நினைக்காதீங்க. 1970களையும் 80களையும் சேர்ந்த மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும், ஆடிப் பார்க்கலாம். 1999-இல் பில்லி மிட்சல் பாக்-மேனில் 3,333,360 என்ற முழு மதிப்பெண் எடுத்தது இங்கேதான்.

எங்களுக்கு ஒரு வேலையும் இருந்தது. வீட்டு பேஸ்மென்டில் ஒரு பழைய கலகா கேபினெட் வைத்திருக்கிறோம். (1981-இல் நாம்கோ கொண்டுவந்த விண்கப்பல் ஆட்டம். பெயரைக் கேட்டதுமே அப்பா “என்னடா கலகம்?” என்றார்.) அதன் படம் ஓரத்தில் நெளிய ஆரம்பித்திருந்தது. நண்பர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது: “ட்யூபைத் தூக்கிப் போட்டுட்டு எல்சிடி மாட்டு.” முடிவு எடுப்பதற்கு முன்னால் நல்ல நிலையில் இருக்கும் ட்யூபைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

எல்சிடி மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பழைய மெஷினின் வீடியோ சிக்னல் சுமார் 15 கிலோஹெர்ட்ஸில் வரும். இன்றைய கம்ப்யூட்டர் மானிட்டர் பலவற்றுக்கு அது புரியாது, அதனால் நடுவில் ஒரு கன்வர்ட்டர் போர்டு வேண்டும். ஆட்டம் நெட்டுவாக்கில் ஓடுவது என்றால் திரையைத் திருப்பி வைக்க வேண்டும். கனம் குறையும், சூடு குறையும், 20,000 வோல்ட் அளவுக்கு உயர் மின்னழுத்தம் பெட்டிக்குள் இருக்காது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்தக் கடைசிக் காரணம் லேசானதில்லை. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூபுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

அப்படியானால் ஏன் தயங்க வேண்டும்? மியூசியத்தில் பாக்-மேன் முன்னால் நின்றபோது அது விளங்கியது. அந்த ஆட்டத்தின் படம் மொத்தமே 224-க்கு 288 புள்ளிதான். அதைப் பெரிய தட்டைத் திரையில் விரித்தால் ஒவ்வொரு புள்ளியும் கத்தியால் வெட்டிய சதுரமாக நிற்கும்; அல்லது மொத்தமும் மங்கிப்போகும். ட்யூபில் ஒரு புள்ளியின் வெளிச்சம் பக்கத்துப் புள்ளிமேல் கொஞ்சம் கசியும், வரிகளுக்கு நடுவே மெல்லிய இருட்டு இருக்கும். வரைந்தவர்கள் ட்யூபைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். கோலத்தை ஈரத் தரையில் போடுவதற்கும் காகிதத்தில் பிரிண்ட் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அடாரியின் ஆஸ்டராய்ட்ஸ், 1979. அதில் புள்ளிகளே கிடையாது. எலக்ட்ரான் கதிர் ஒரு பேனா மாதிரி திரையில் நேராகக் கோடு இழுக்கும். துப்பாக்கிக் குண்டு வரும்போது கதிர் ஓரிடத்தில் நின்று எரிவதால் அந்தக் குண்டு கண் கூசுகிற அளவுக்கு ஜொலிக்கும். இதை எல்சிடியில் ஆடியிருக்கிறேன். அங்கே குண்டு வெறும் வெள்ளைப் பொட்டு. என் ஒன்பது வயது மகள் திரையை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. “அப்பா, இது உள்ளே நிஜமாவே லைட் எரியுதா?” ஆமாம்டா, நிஜமாவே எரியுது.

அவள் கலகா ஆடியபோது சொன்னது இன்னொன்று: “நான் நினைச்ச உடனே கப்பல் நகருது.” மட்டமான கன்வர்ட்டரும் மானிட்டரும் சேர்ந்தால் ஒன்றிரண்டு ஃபிரேம் தாமதம் வரும். ஒரு ஃபிரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. நமக்குத் தெரியாது என்று நினைக்கிறோம், விரலுக்குத் தெரிகிறது.

அப்பாவுக்கு ஆட்டத்தில் ஆர்வமில்லை, ட்யூபில் இருந்தது. ஊரில் அவர் வீட்டில் டயனோரா டிவி இருந்ததாம். “பிக்சர் ட்யூப் போச்சுன்னு மெக்கானிக் சொன்னா வீட்ல எழவு விழுந்த மாதிரி இருக்கும்டா. மத்ததெல்லாம் பழுது பாக்கலாம், அதுக்கு மட்டும் புது டிவி விலை.” பேத்தியிடம் அதையே அவர் மறுபடியும் விளக்க, அவள் கேட்டாள்: “அப்போ இதெல்லாம் போயிடுச்சுன்னா, தாத்தா?” அவர் என்னைப் பார்த்தார்.

போயிடுச்சுன்னா போனதுதான். இந்த மாதிரி ட்யூப் செய்த பெரிய தொழிற்சாலைகள் மூடப்பட்டு வருஷங்கள் ஆகின்றன. அதனால்தான் எல்சிடி மாட்டும் பார்களையும் பீட்சாக் கடைகளையும் நான் குறை சொல்வதில்லை. இருண்டு கிடக்கும் மெஷினை யாரும் ஆட முடியாது. பாக்-மேன், கலகா மாதிரி ஆட்டங்களுக்கு நல்ல எல்சிடி பரவாயில்லை ரகம். ஆஸ்டராய்ட்ஸ், டெம்பெஸ்ட் மாதிரி கோடு வரையும் ஆட்டங்களில் மாற்றினால் ஆட்டத்தின் பாதி உயிர் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் இந்த வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டோம். ட்யூப் நன்றாகவே இருந்தது. அதை ஓட்டும் போர்டில் கெப்பாசிட்டர்கள்தான் வறண்டு போயிருந்தன. மாற்றிக் கொடுத்தார், படம் நேராக நிற்கிறது. பழைய கேபினெட் வாங்கியிருப்பவர்கள் முதலில் இதைக் கேட்டுப் பாருங்க. தைரியம் இருக்கிறது என்று நீங்களே பின்பக்கத்தைத் திறக்காதீங்க. எல்சிடிதான் என்று முடிவாகிவிட்டாலும் கழற்றிய ட்யூபைக் குப்பையில் போடாதீங்க. அதே அளவு ட்யூபைத் தேடிக்கொண்டு யாராவது இருப்பார்கள்.

லகோனியா போகிறவர்கள் வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். ஆஸ்டராய்ட்ஸ் முன்னால் ஒரு மகள் நின்றால் வரிசை நகராது.