யாரும் சாகாத போருக்கு விதி எழுதுவது

ராணுவக் கார்ட்டூன் ஒன்றை மேசையில் ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டமாக மாற்றலாம் என்றதும் பலரும் துப்பாக்கிப் பட்டியலோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்தத் துப்பாக்கிக்கு எத்தனை டேமேஜ், எந்த டாங்கிக்கு எவ்வளவு கவசம் என்று அட்டவணை நீண்டுகொண்டே போகும். 'ஜி.ஐ. ஜோ' கார்ட்டூன் உலகத்தை வைத்து நண்பர்களுக்கு ஆட்டம் நடத்தும் கேம் மாஸ்டர் நான். அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரே ஒரு கேள்விக்கு விதி எழுதுவேன். அடிபட்டு விழுந்தவருக்கு என்ன ஆகும்?

அந்தக் கார்ட்டூனில் விழுந்தவருக்கு ஒன்றும் ஆகாது. 1983இல் ஐந்து பாகக் குறுந்தொடராகத் தொடங்கி, 1985இலிருந்து முழுத் தொடராக அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடியது அது. நாயகர்களான ஜோக்களின் துப்பாக்கியிலிருந்து சிவப்புக் கதிர், எதிரிகளான கோப்ரா படையிடமிருந்து நீலக் கதிர். விமானம் வெடிக்கும், பைலட் பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருப்பார். 1987இல் வந்த 'ஜி.ஐ. ஜோ' திரைப்படத்தில் ஜோக்களில் ஒருவரான ட்யூக் சாவதாகத்தான் எழுதியிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தில் ஆப்டிமஸ் பிரைம் இறந்ததைப் பிள்ளைகளால் தாங்க முடியவில்லை என்று தெரிந்ததும், ட்யூக் கோமாவில் இருக்கிறார், பிறகு தேறிவிட்டார் என்று வசனத்தை மாற்றினார்கள்.

ஆனால் நம் கையில் இருக்கும் விதிகளின் பூர்வீகம் போர்க்களம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', பொம்மைப் படைகளை நகர்த்தும் 'செயின்மெயில்' என்ற போர் ஆட்டத்திலிருந்து கிளைத்தது. உயிரின் அளவான ஹிட் பாயிண்ட் தீர்ந்தால் ஆள் காலி என்பது அங்கிருந்து வந்த கணக்கு. 1984இல் இரண்டு ஆட்டங்கள் வெளிவந்தன. 'ட்விலைட்: 2000' மூன்றாம் உலகப் போருக்குப் பிறகு போலந்தில் சிக்கிய சிப்பாய்களைப் பற்றியது. தோட்டா, எரிபொருள், கதிர்வீச்சு எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. 'டூன்' நேர் எதிர். அதில் யாரும் சாவதில்லை, அடிபட்டவர் மூன்று நிமிடம் ஆட்டத்துக்கு வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவார். எனக்கு முன்னதன் தளவாடங்களும் வேண்டும், பின்னதன் உயிர்விதியும் வேண்டும்.

ரெனிகேட் நிறுவனம் 2022இல் 'ஜி.ஐ. ஜோ'வுக்கென்றே அதிகாரபூர்வ விதிநூல் வெளியிட்டிருக்கிறது. உழைத்துச் செய்த நூல்தான். ஆனாலும் என் மேசைக்கு நான் எடுத்துக்கொண்ட அடித்தளம் 'சாவேஜ் வேர்ல்ட்ஸ்' என்ற விதிநூல். அதில் சில்லறை ஆட்கள் ஒரே காயத்தில் களத்தைவிட்டுப் போய்விடுவார்கள், நாயகர்கள் மூன்று காயம்வரை தாங்குவார்கள். முகமூடி போட்ட கோப்ரா சிப்பாய்கள் கொத்தாகச் சரிவதும், நாலு பேர் ஒரு கோட்டையைக் கைப்பற்றுவதும் இந்த ஒரு விதியிலேயே அமைந்துவிடுகின்றன. மாற்ற வேண்டியிருந்தது நாயகர் வீழும் இடத்தைத்தான். மூன்று காயத்துக்குமேல் போனால் செத்தாரா பிழைத்தாரா என்று என் ஆட்டத்தில் பகடை உருட்டுவதில்லை. ஆடுபவரே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்: எதிரியிடம் பிடிபடுவது, குழுவிலிருந்து பிரிந்துபோவது, அல்லது வண்டியையோ கருவியையோ பறிகொடுப்பது.

சாவு இல்லையென்றால் பதற்றம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். நேரத்திலிருந்து வரும். அந்த முதல் குறுந்தொடரையே பாருங்கள். மாஸ் டிவைஸ் என்ற கருவிக்கு மூன்று அரிய பொருள்கள் தேவை. ஜோக்களும் கோப்ராவும் பனிப்பிரதேசத்துக்கும் கடலடிக்கும் ஓடுகிறார்கள். யார் உயிரோடு மிஞ்சுவார் என்ற கவலை அங்கே கிடையாது, யார் முந்துவார் என்பதுதான் கதை. அதனால் 'பிளேட்ஸ் இன் த டார்க்' ஆட்டத்திலிருந்து கடிகாரத்தை எடுத்துக்கொண்டேன். காகிதத்தில் ஒரு வட்டம், எட்டுத் துண்டு. நாயகர் ஒருவர் விழும்போதெல்லாம் ஒரு துண்டைக் கறுப்பாக்குவேன். வட்டம் நிறைந்தால் கோப்ராவின் திட்டம் பலித்துவிடும்.

இதன் விளைவு ஆடுபவர்களிடம் தெரிகிறது. உயிர் போகும் ஆட்டங்களில் சுவருக்குப் பின்னால் பதுங்கித் தோட்டாவை எண்ணிக்கொண்டிருக்கும் அதே நண்பர், இங்கே பனிச்சரிவில் இன்ஜின் அணைந்த வண்டிமேல் ஏறி நின்று, "நீங்க கிளம்புங்கடா, இவங்கள நான் பாத்துக்கறேன்" என்கிறார். தான் பிடிபடப்போவது அவருக்குத் தெரியும். ஒரு துண்டு கறுக்கும் என்பதும் தெரியும். அந்த விலையைக் கொடுக்கலாமா என்று மற்றவர்கள் வட்டத்தைப் பார்த்தபடி வாதாடுவார்கள் பாருங்கள், நான் ஆட்டம் நடத்துவதே அந்த வாதத்தைக் கேட்பதற்காகத்தான். தைரியம் இலவசமாகிவிடக் கூடாது, கட்டுப்படியாகாத விலைக்கும் போய்விடக் கூடாது.

கேரக்டர் ஷீட்டை நான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கடையில் விற்ற 'ஜி.ஐ. ஜோ' பொம்மைகளின் அட்டைப் பின்புறத்திலேயே அது இருந்தது. 'ஜி.ஐ. ஜோ' காமிக்ஸை எழுதிய லாரி ஹாமாதான் அந்தக் குறிப்புகளையும் எழுதினார். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். இந்தியாவில் ஃபன்ஸ்கூல் இந்தப் பொம்மைகளைத் தயாரித்து விற்ற காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த அட்டை நினைவிருக்கும். புனைபெயர், இயற்பெயர், பிறந்த ஊர், முதன்மைத் துறை, இரண்டாம் துறை, கீழே ஒரு பத்தி. ஜோக்களில் ஒருவரான ரோட்பிளாக் மிசிசிப்பியின் பிலாக்ஸி ஊர்க்காரர். கனரக ஆயுதங்கள் முதன்மைத் துறை, இரண்டாவது சமையல். அந்த இரண்டாவது வரியில்தான் மனிதர் இருக்கிறார். அதனால் ஒரு விதி சேர்த்தேன்: இரண்டாம் துறையைப் பயன்படுத்தி ஒரு சிக்கலை அவிழ்ப்பவருக்கு, பகடையை மறுபடி உருட்ட உதவும் பென்னி வில்லை ஒன்று கிடைக்கும். கோப்ரா முகாமின் சமையல்கூடத்தில் புகுந்து, அடுப்புப் புகையின் அளவை வைத்தே உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ரோட்பிளாக் சொன்ன ஆட்டம் உண்டு.

பேசாத நிஞ்ஜாவான ஸ்னேக் ஐஸை எடுப்பவருக்குத் தனி விதி. களத்தில் இருக்கும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது, கையசைவிலேயே சொல்ல வேண்டும். மற்றவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டால் அந்தத் தப்பே குழுவின் முடிவு.

எதிரிப் படையின் தலைவரான கோப்ரா கமாண்டர் ஒவ்வொரு கதையிலும் தப்பிக்க வேண்டும். கேம் மாஸ்டர் தன் இஷ்டத்துக்கு அவரைத் தப்பவிட்டால் ஆடுபவர்களுக்குக் கோபம் வரும், வரவும் வேண்டும். அவரைத் தப்பவைக்க நான் மேசையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை கொடுத்தாக வேண்டும், அவர் விட்டுச்செல்லும் ஏதாவது ஒன்று அவர்கள் கையில் சிக்கியாக வேண்டும்: ஒரு வரைபடம், ஒரு கைதி, அல்லது பாதி கட்டிய ஆயுதம். அடுத்த ஆட்டத்தின் வட்டத்தை அதை வைத்துத்தான் வரைகிறேன்.